யார் மடியில் காது குத்தினார்கள்

எனக்குச் சந்தேகப் புத்தி என்று உயிரோடு இருந்தவரை அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். பாதி உண்மைதான். பதினோரு வருடம் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவள் நான். விடை சரியாக இருந்தாலும் வழி எங்கே என்று கேட்டுப் பழகிவிட்டேன். அம்மா அப்படிக் குறுக்கே ஏதாவது சொன்னால், காதில் விழாதவள் போல என் பேச்சைத் தொடர்வேன். அவளிடம் நான் காட்டிய மரியாதை அவ்வளவுதான்.

அவள் போய் எட்டு மாதமாகிறது. இந்த ஜூனில் என்னை எல்.கே.ஜி.க்கு மாற்றினார்கள். நான் படித்த அதே அறை. அப்போது சுவரில் யானை இருந்தது, இப்போது திமிங்கலம் இருக்கிறது. தலைமையாசிரியை சம்யுக்தா மேடம் ஒரு சின்ன டப்பாவை நீட்டி, உள்ளே இருந்த பட்டாணி அளவுப் பொருளைக் காதுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒரு வரிக்கு நீளும். அது வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. மதுரையில் எல்லாருக்கும் அது வெறும் ‘மணி’.

“இது எல்.கே.ஜி., யு.கே.ஜி. ரூம்ல மட்டும்தான், அதனால உங்களுக்குப் புதுசு தன்ஷிகா,” என்றார் மேடம். “சேர்க்கும்போது பெத்தவங்க ஒரு மூடுதாள் எழுதிக் குடுப்பாங்க. பிள்ளைகிட்ட இன்னும் சொல்லாதது எதாவது இருந்தா அதுல இருக்கும். தத்தெடுத்ததா இருக்கலாம், அப்பா ஜெயில்ல இருக்கலாம், வேற யாரோ கருமுட்டை குடுத்திருக்கலாம். எழுதுனவங்களுக்கும் மிஷினுக்கும்தான் தெரியும். நான்கூடப் படிக்க முடியாது.”

“மணி எப்ப அடிக்கும்?”

“ரூமுக்குள்ள இருக்கிற ஒருத்தருக்குத் தெரியக் கூடாதது பக்கமாப் பேச்சு போனா ஒரு தடவை. ரொம்பக் கிட்ட போனா ரெண்டு தடவை. நீங்க உடனே பேச்சை மாத்திரணும். யாருக்காக அடிக்குதுன்னு அது சொல்லாது. நீங்களும் தேடக் கூடாது.”

தேடக் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் அவர் தப்புச் செய்தார்.

வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். எங்கள் காலத்தில் தன்ஷிகா, ரித்விக் என்று வைத்தார்கள். இப்போது பழைய பெயர்கள்தான் நாகரிகம். வருகைப் பதிவைப் படித்தால் குருவம்மா, வெள்ளைச்சாமி, பேச்சியம்மா, சடையன் என்று போகும். மூன்றாவது வாரம் ‘எங்கள் வீட்டில் யார் யார்’ பாடம் வந்தது. எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தேன்.

“எங்க வீட்ல ரெண்டு அம்மா டீச்சர்,” என்றான் வெள்ளைச்சாமி. “ஒரு அம்மா ஆட்டோ ஓட்டும். ஒரு அம்மா திட்டும்.”

“ரெண்டு அம்மாவா? அதுல யாருடா நெசம்மா அம்மா?” என்று சடையன் கேட்டான்.

வெள்ளைச்சாமியின் முகம் மாறியது. நான் இடையில் புகுந்தேன். “உனக்குக் காய்ச்சல் வந்தா யாருடா முழிச்சிருப்பா?”

யோசித்தான். “ரெண்டு பேரும்.”

“அப்ப ரெண்டு பேரும் நெசம்தான்.”

பேச்சியம்மாவுக்கு அப்பா மட்டும். சடையனைப் பாட்டி வளர்க்கிறாள். எதற்கும் மணி அடிக்கவில்லை. இந்தக் காலத்துப் பெற்றோர் பரவாயில்லையே, பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் வளர்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது குருவம்மா எழுந்து தன் காதைத் தொட்டுக் காட்டினாள். முந்தைய வாரம் குத்தியது. மடல் இன்னும் சிவந்திருந்தது.

“எங்க மாமா மடியில உக்காந்து குத்துனேன். மாமா அழுதுச்சு. நான் அழல.”

“சமத்து. அம்மா கூடப் பிறந்தவரு மடியிலதான் உக்கார வைப்பாங்க,” என்றேன்.

காதுக்குள் மணி அடித்தது. கொசு மோதியதுபோல மெல்லிய சத்தம்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஏன் டீச்சர், அப்பா மடியில உக்காரக் கூடாதா?” என்று கேட்டாள் பேச்சியம்மா.

இரண்டு தடவை அடித்தது. நான் அவசரமாகக் கிரேயான் டப்பாவைக் கவிழ்த்து, நீலம் எத்தனை என்று எண்ணச் சொன்னேன். பிள்ளைகள் எண்ணினார்கள். நான் பதினான்கு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

மறைக்கிற பெற்றோர்மேல் எனக்கொரு பழைய கோபம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் தம்பி சதீஷ் மாமாவுக்கு ஒரே மகன், ஆதவ். எனக்கு முறைப்பையன். அவனுக்கும் விருப்பம், எனக்கும் விருப்பம், சொந்தக்காரர்கள் எல்லாரும் எப்போதோ முடிச்சுப் போட்டு வைத்ததுதான். எனக்கு இருபத்து நான்கு வயதில் பேச்சு வந்தபோது, அம்மா வீடு அதிரக் கத்தினாள். “நான் உசுரோட இருக்குற வரைக்கும் இது நடக்காது.” காரணம் கேட்டேன். சொல்லவில்லை. மாமா வாசல்படியில் தலையைக் குனிந்து நின்றார். ஆதவ் வேறு பெண்ணைக் கட்டிக் கோயம்புத்தூர் போய்விட்டான். நான் யாரையும் கட்டவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம், சாப்பாடு ஆயிற்றா மாத்திரை போட்டாயா என்பதைத் தாண்டி அம்மாவிடம் நான் பேசியதில்லை. மாமா வீட்டுப் படியும் ஏறியதில்லை.

ஆக, ஒரு பிள்ளையிடம் ஏதோ மறைக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குக் கை ஊறியது. கணக்கு டீச்சர் செய்கிற காரியத்தைச் செய்தேன். யாராவது வராத நாளாகப் பார்த்துக் காது குத்துப் பேச்சை எடுத்தேன். சடையன் வராத அன்று மணி அடித்தது. சடையன் இல்லை. பேச்சியம்மாவுக்கு அம்மை போட்டிருந்த வாரமும் அடித்தது. பேச்சியம்மா இல்லை. ஐந்து வாரத்தில் பதின்மூன்று பெயர்களை அடித்துவிட்டேன். ஒருநாள்கூட லீவு போடாத ஒரே பிள்ளை குருவம்மா.

அவள் அப்பா நிகில், மின்பேருந்து பழுது பார்க்கிறவர். அம்மா ஸ்மிருதிக்குக் கடலுக்குள் இருக்கிற காற்றாலையில் வேலை. பதினைந்து நாள் கடல், பதினைந்து நாள் வீடு. வெயிலுக்குப் பயந்து பத்தரைக்கே பள்ளி விட்டுவிடுவோம். நிகில் பெண்ணை அழைத்துப்போக வந்தபோது வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டேன்.

“குருவம்மாவோட மாமா, உங்க வீட்டம்மாவுக்குக் கூடப் பிறந்தவரா?”

“இல்ல டீச்சர். பிரணவும் அவளும் ஒரே அநாதை இல்லத்துல வளந்தவங்க. பிள்ளைக்கும் தெரியும். ஏன்?”

“பிள்ளைகிட்ட வேற எதாவது மறைக்கிறீங்களா?”

“ஒண்ணும் இல்லையே.” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “மணி அடிச்சுச்சா டீச்சர்?”

நான் பதில் சொல்லியிருக்கக் கூடாது. “மாமா பேச்சு எடுத்தா அடிக்குது. அப்பாவான்னு கேட்டா ரெண்டு தடவ அடிக்குது,” என்றேன்.

நிகில் கொஞ்ச நேரம் பேருந்துச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தாள் எழுதுன அன்னைக்கு எனக்கு ட்யூட்டி,” என்றார். “அவதான் தனியா வந்து எழுதிக் குடுத்தா.”

குருவம்மா அவர் முதுகில் தொற்றிக்கொண்டு எனக்கு டாட்டா காட்டினாள். கண்டுபிடித்துவிட்டோம் என்ற திருப்தியோடு நானும் கையசைத்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த வாரம் குருவம்மா வரவில்லை. வியாழக்கிழமை காலை வகுப்பு வாசலில் ஸ்மிருதி நின்றாள். கடலிலிருந்து நேராக வந்திருக்கிறாள். உப்புக்காற்று அடித்த முகம்.

“டி.சி. வாங்க வந்தேன்,” என்றாள். “என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னது நீங்கதான? டெஸ்ட் எடுக்கணுங்கிறாரு. பிள்ளை யாருக்குப் பிறந்ததுன்னு. பிரணவ் இனிமே வீட்டுப் பக்கம் வரக் கூடாதாம்.” அவள் குரல் உயரவே இல்லை. “அந்தத் தாள்ல நான் ஒண்ணுமே எழுதல டீச்சர். எங்களுக்கு யாரு என்னன்னு யாரும் சொல்லாமத்தான் நாங்க ரெண்டு பேரும் வளந்தோம். என் பிள்ளைக்கு நான் எதுக்கு மறைக்கணும்? குறுக்க ஒரு கோடு போட்டுக் குடுத்துட்டுப் போனேன்.”

அப்போதும் அவள் பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். என் கணக்கு அப்படிச் சொன்னது. மேடம் பதினொரு மணிக்குத்தான் வருவார், அலுவலகத்தில் காத்திருங்கள் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் வந்தேன்.

வெள்ளைச்சாமி என் கம்மலையே பார்த்துக்கொண்டிருந்தான். “டீச்சர், ஒங்களுக்கு யாரு மடியில வச்சுக் குத்துனாங்க?”

“எங்க மாமா மடியில,” என்றேன் ஏதோ ஞாபகத்தில்.

இரண்டு தடவை அடித்தது.

குருவம்மா அறையில் இல்லை. ஒருவேளை ஒரே ரகசியம் இரண்டு பிள்ளைகளுக்கு இருக்குமோ என்று மனம் அப்போதும் இன்னொரு குற்றவாளியைத் தேடியது. பத்தரைக்கு எல்லாப் பிள்ளைகளும் போனார்கள். கதவைச் சாத்திவிட்டுத் திமிங்கலத்துக்கு எதிரே குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

“எனக்கு மாமா மடியில் காது குத்தினார்கள்,” என்றேன் சத்தமாக.

இரண்டு.

அப்போதுதான் புரிந்தது. அந்த அறைக்கு ஒருநாள் தவறாமல் வந்துகொண்டிருந்த இன்னொருத்தியை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

“நான் சூரத்தில் பிறந்தேன்,” என்றேன். சின்ன வயதிலிருந்து எனக்குச் சொல்லப்பட்டது அது. அப்பாவுக்கு அங்கே மில்லில் வேலை, கைக்குழந்தையோடு மதுரைக்குத் திரும்பினார்கள், நான் பள்ளியில் சேருமுன்பே அப்பா போய்விட்டார்.

ஒன்று.

“ஆதவோட அம்மா ரெண்டாவது பிரசவத்துல செத்துப்போச்சு.”

ஒன்று. அத்தையோடு அந்தக் குழந்தையும் போய்விட்டது என்றுதான் எங்கள் வீட்டில் எப்போதும் சொல்வார்கள்.

“அந்தப் பிள்ளையும் செத்துப்போச்சு.”

இரண்டு.

அம்மா வீடு அதிரக் கத்தியதும், மாமா வாசல்படியில் குனிந்து நின்றதும் ஞாபகம் வந்தன. முறைப்பையன் என்று நான் ஆசைப்பட்டவன் என் கூடப் பிறந்தவன். அம்மாவுக்கு அதைத் தடுக்கத் தெரிந்தது, சொல்லத்தான் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம்! ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். கோபமா துக்கமா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

முகம் கழுவிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். ஸ்மிருதி பெஞ்சில் இருந்தாள். மேடம் வந்திருந்தார். இரண்டு பேர் முன்னாலும் நான் செய்ததை எல்லாம் சொன்னேன்.

மேடம் கணினியில் தேடினார். “பிள்ளை ஸ்கூலை விட்டுப் போனா தாள் தூங்கிரும். திரும்ப உள்ள வந்தா முழிச்சுக்கும். வருஷம் திரும்பப் படிக்க வர்ற பிள்ளைக்காக அப்படி வச்சாங்க. படிச்ச பிள்ளை டீச்சரா அதே ரூமுக்கு வரும்னு யாரும் யோசிக்கல.” திரையை உற்றுப் பார்த்தார். “உள்ள இருக்கிறது எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டவங்க பேர் மட்டும் தெரியுது. ஒண்ணு உங்க அம்மா. இன்னொண்ணு, வே. சதீஷ்குமார்.”

“மாமா,” என்றேன். காதில் மணி அடிக்கவில்லை. அலுவலகத்தில் அது வேலை செய்யாது.

“நீங்க செஞ்சதுக்கு விசாரணை உண்டு தன்ஷிகா. அது பின்னாடி. இந்தத் தாளை முதல்ல நீக்கணும். உங்களுக்காக அடிக்கிற சத்தத்துல இன்னொரு பிள்ளைக்கு அடிக்கிறது உங்களுக்குத் தெரியாமப் போயிரும். எழுதுனவங்கதான் நேர்ல வந்து கைநாட்டு வச்சு நீக்கணும். அவர் இருக்காரா?”

“இருக்காரு.”

அன்று மதியமே ஸ்மிருதியோடு அவள் வீட்டுக்குப் போனேன். நிகில் கதவைத் திறந்தார். ஒரு வாரத்தில் ஆள் இளைத்திருந்தார்.

“மணி உங்க பிள்ளைக்கு அடிக்கல,” என்றேன். “எனக்கு அடிச்சுச்சு. என் மாமாதான் என்னைப் பெத்த அப்பா. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். உங்க வீட்டம்மா தாள்ல ஒண்ணும் எழுதல.”

முன்பின் தெரியாத மனிதரிடம்தான் அதை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். சொல்லாமல் தப்பிக்க வழி இருக்கிறதா என்று பேருந்தில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். இல்லை. நிகில் மனைவியைப் பார்த்தார். அவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“டீச்சர் மேல எனக்குக் கோவம் இல்ல,” என்றாள். “அவங்களுக்கு என்னைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?”

நிகில் கதவை இன்னும் அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். நான் கிளம்பி வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை மாமா வீட்டுக்குப் போனேன். எழுபது வயதிலும் தானே காபி போட்டுக் குடிக்கிறவர். என்னை வாசலில் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். எல்.கே.ஜி.க்கு மாற்றிவிட்டார்கள் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார் போல.

“மணி அடிச்சுருச்சா பாப்பா?” என்றார்.

“நீங்க சொல்லியிருக்கலாம்.”

“அக்காகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன். ஒங்கம்மாவுக்குப் பிள்ளை இல்ல. என்கிட்ட மூணு வயசுப் பையன் ஆதவு, கையில நீ, வீட்டுல பொம்பளை இல்ல. சூரத்துல இருந்து வந்து தூக்கிட்டுப் போச்சு. ஒரு பிள்ளைக்கு ரெண்டு வீடு ஆகாதுடா தம்பி, அது ரெண்டு பக்கமும் ஏங்கிப்போயிரும்னு சொல்லுச்சு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காது குத்துறப்ப மட்டும் அக்காவே கூப்பிட்டுச்சு. ‘ஊரே பாத்துக்கிட்டு இருந்தாலும் இன்னைக்கு ஒன்னைய யாரும் ஒண்ணும் கேக்க முடியாது, ஆசை தீர மடியில வச்சுக்க’ன்னு சொல்லுச்சு.”

அந்தப் புகைப்படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. நான் வாயைப் பிளந்து அலறுகிறேன். மாமாவும் அழுகிறார். மாமாவுக்கு அவ்வளவு பாசம் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள்.

“ஆதவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். நாளைக்குப் பதினொரு மணிக்கு ஸ்கூலுக்கு வாங்க.”

“சரி பாப்பா,” என்றார். நான் திரும்பி நடந்தேன். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் எதுவும் சொல்லி விடைபெறவில்லை.

திங்கட்கிழமை குருவம்மா வந்தாள். வாசலில் நிகிலும் ஸ்மிருதியும் இரண்டு கை தூரம் விலகி நின்றார்கள். பிள்ளை இருவருக்கும் தனித்தனியாக டாட்டா காட்டினாள். அந்த இரண்டு கை தூரத்தை வைத்தவள் நான்தான். அதை எந்த அலுவலகத்தில் போய் நீக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

வட்டமாக உட்கார்ந்தோம். வெள்ளைச்சாமி விடுகிற ஆளா?

“டீச்சர், அன்னைக்குக் கேட்டேன்ல. மாமா மடியில உக்காந்தீங்களே, அழுதீங்களா?”

“அழுதேன். அவரும் அழுதாரு. அவரு எங்க மாமா மட்டும் இல்ல. என்னைப் பெத்த அப்பாவும் அவருதான்.”

இரண்டு தடவை அடித்தது. பதினான்கு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். யாருக்கும் பெரிய ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை.

“அப்ப ஒங்களுக்கு ரெண்டு அப்பாவா?” என்றாள் குருவம்மா.

“ஆமா.”

“அம்மா?”

“அம்மாவும் ரெண்டு. ஒருத்தங்கள நான் பாத்ததே இல்ல.”

“யாரு நெசம்மா அம்மா?” என்று சடையன் ஆரம்பிக்க, வெள்ளைச்சாமி அவனை முழங்கையால் இடித்துவிட்டுப் பெரிய மனுஷன் மாதிரி என்னைக் கேட்டான். “டீச்சர், ஒங்களுக்குக் காய்ச்சல் வந்தா யாரு முழிச்சிருந்தா?”

மணி ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாதபடி அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் மாமா கைநாட்டு வைக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அதுவரை அம்மா குறுக்கே பேசிக்கொண்டேதான் இருப்பாள். நானும் எப்போதும்போலக் காதில் விழாதவளாக, என் அம்மாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லத் தொடங்கினேன்.